திருகாணியைத் தொடும் முன்: பழைய மின் தட்டச்சு இயந்திரத்தைச் சீராக்கும் முறை

புதுச்சேரி காந்தி வீதியில் கூடும் ஞாயிறு சந்தையிலோ, கடலூர் மஞ்சக்குப்பத்தில் காலி செய்யப்படும் ஏதாவதோர் அலுவலகத்திலோ பழைய மின் தட்டச்சு இயந்திரம் ஒன்று கைக்குக் கிடைத்தால், வீட்டுக்குக் கொண்டுவந்த உடனே பிளக்கில் செருகி ஓட்டிப் பார்க்கவே மனம் பரபரக்கும். அந்த ஆசையை இரண்டு நாள் அடக்கிக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த இயந்திரத்தில் மின்கம்பியின் உறை வெடித்திருக்கலாம், மோட்டாரின் தாங்கிகள் இறுகியிருக்கலாம். பார்க்காமல் மின்சாரம் கொடுத்தால், ஒரு மாலையில் சரியாகியிருக்கக்கூடிய இயந்திரம் சில நிமிடங்களில் கருகிப்போகும்.

இந்த வேலையில் புதியவர்கள் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது ஒன்றுண்டு. பழைய இயந்திரத்தில் தெரியும் கோளாறுகளில் பெரும்பாலானவை தேய்மானத்தால் வருவன அல்ல, பாகங்கள் இடம்பெயர்ந்ததால் வருவனவும் அல்ல. பழைய எண்ணெய் காய்ந்து, தூசும் ரிப்பன் மையும் கடற்காற்றின் ஈரமும் அதனோடு சேர்ந்து பசையாக இறுகியதால் வருவன. தொழிற்சாலையில் அளவு பார்த்து வைத்த திருகாணிகள் பெரும்பாலும் வைத்த இடத்திலேயே இருக்கும். அவற்றைத் திருப்பிக் கோளாறைச் சரிசெய்ய முற்பட்டால், அழுக்குப் போன பிறகு எல்லாமே தவறான அளவில் நிற்கும். ஆகவே மின்பகுதியைச் சோதித்தல், துடைத்தல், எண்ணெய் இடுதல், அதன் பிறகே அளவுகளைத் திருத்துதல் என்னும் வரிசையை எந்தக் காரணத்துக்காகவும் மாற்றக் கூடாது.

எந்த வகை இயந்திரம் என்று அறிதல்

பழைய மின் தட்டச்சு இயந்திரங்களை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் வகை ஸ்மித்-கொரோனா, ஒலிம்பியா போன்றவற்றில் பரவலாகக் காணப்படுவது: தட்டச்சுப் பயிற்சி நிலையங்களில் நாம் பார்த்த ரெமிங்டன், ஹால்டா, ஃபாசிட், கோத்ரெஜ் இயந்திரங்களைப் போலவே ஒவ்வோர் எழுத்துக்கும் தனி டைப்பார், அதாவது நுனியில் எழுத்தின் அச்சைத் தாங்கிய உலோகக் கம்பி, இருக்கும்; அதை அடிக்கும் விசையை மட்டும் விரலுக்குப் பதிலாக, அடியில் மோட்டார் ஓயாமல் சுழற்றும் உருளை ஒன்று தரும். கீயை லேசாகத் தொட்டதும் சிறு கொக்கி ஒன்று அந்த உருளையில் மாட்டிக்கொண்டு டைப்பாரை வீசி எறியும். இரண்டாம் வகை 1961 ஜூலை 31 அன்று ஐபிஎம் நிறுவனம் அறிமுகம் செய்த செலக்ட்ரிக். இதில் டைப்பாரும் இல்லை, தாளைத் தாங்கியபடி நகரும் கேரேஜும் இல்லை. 88 எழுத்துகளைத் தாங்கிய சிறு பந்து ஒன்று சாய்ந்தும் சுழன்றும் தாளின் குறுக்கே நகர்ந்து அடிக்கும்.

முதன்முதலாகக் கை வைப்பவர்களுக்கு டைப்பார் வகையையே நான் பரிந்துரைப்பேன். அதன் கேரேஜ், தாள் சுற்றும் ரோலர், ஒவ்வோர் எழுத்துக்கும் கேரேஜை ஓரிடம் மட்டும் நகரவிடும் எஸ்கேப்மென்ட், ஷிஃப்ட் ஆகியவை கையால் அடிக்கும் இயந்திரத்தின் அமைப்பையே பெரும்பாலும் ஒத்திருப்பதால், பயிற்சி நிலையங்களின் இயந்திரங்களைப் பார்த்துப் பழகிய மெக்கானிக் ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால் பாதி வேலையில் அவர் துணை நிற்க முடியும்.

புதுச்சேரியில் வாங்குபவர்கள் விசைப்பலகையையும் ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்களுக்காகச் செய்த இயந்திரங்களில் ‘ஏ’யும் ‘க்யூ’வும் இடம் மாறியிருக்கும், ‘இசட்’டும் ‘டபிள்யூ’வும் இடம் மாறியிருக்கும், ‘எம்’ என்னும் எழுத்து ‘எல்’லுக்கு வலப்பக்கம் இருக்கும், எண்களை அடிக்க ஷிஃப்டை அழுத்த வேண்டும். பலகையைப் பார்க்காமல் அடித்துப் பழகியவர்கள் இதைக் கவனிக்காமல், இயந்திரம் தவறான எழுத்தைத் தருகிறது என்று எண்ணிவிடக்கூடும்.

மின்சாரம் கொடுக்கும் முன்

இயந்திரத்தின் அடியிலோ பின்புறத்திலோ இருக்கும் உலோகத் தகட்டில் வோல்ட்டும் ஹெர்ட்ஸும் பொறிக்கப்பட்டிருக்கும். நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். தகட்டில் 220 அல்லது 240 என்று இருந்தால் நேராகப் பயன்படுத்தலாம். 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் அது அமெரிக்காவுக்கென்று செய்தது. மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அதைச் செருகவே கூடாது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்குமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். 60 ஹெர்ட்ஸ் மோட்டார் நம் ஊரில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும், வழக்கத்தைவிடச் சூடும் ஏறும். அத்தகைய இயந்திரத்தை இடைவெளி விட்டு ஓட்டுவதே நல்லது.

மின்கம்பியை முழு நீளத்துக்கும் கையால் வளைத்துப் பாருங்கள். உறை எங்காவது வெடித்தாலோ, பிசுபிசுத்தாலோ, தயங்காமல் மூன்று இழைக் கம்பியாக மாற்றி, பச்சை இழையை இயந்திரத்தின் உலோகச் சட்டத்தில் பெயின்ட் சுரண்டிய இடத்தில் இறுக்கமாகப் பிணைத்துவிடுங்கள். உலோக உடலுள்ள பழைய இயந்திரங்கள் சில இரட்டைக் கம்பியோடு மட்டுமே வந்தவை. ஈரம் மிகுந்த நமது கடற்கரை ஊர்களில் எர்த் இல்லாமல் அவற்றை ஓட்டுவது உயிரோடு விளையாடுவதாகும்.

பிறகு மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, பிளக்கைச் சுவரில் செருகாமலே, இயந்திரத்தின் சுவிட்சைப் போட்டுவிட்டுச் சோதிக்க வேண்டும். மின்முனைகள் இரண்டுக்கும் இடையில் அளவு பூஜ்யமாக இருந்தால் ஷார்ட். எதுவுமே காட்டாவிட்டால் கம்பியோ சுவிட்சோ மோட்டார்ச் சுருளோ அறுந்திருக்கிறது. ஒவ்வொரு மின்முனைக்கும் உலோக உடலுக்கும் இடையில் மெகா ஓம் கணக்கில் தடை இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் மோட்டாருக்குள் ஈரம் ஏறியிருக்கிறது என்று கொள்ளலாம். நல்ல வெயிலில் சில நாள் காயவைத்து மறுபடியும் அளந்து பார்த்து, அப்போதும் ஏறாவிட்டால் மோட்டார் சுற்றுபவரிடம் காட்ட வேண்டும்.

ஐரோப்பிய இயந்திரங்களில் இன்னொரு சிறு பொருள் மறைந்திருக்கும். வானொலி இரைச்சலைத் தடுப்பதற்காக மின்கம்பி நுழையும் இடத்தில் வைத்த கப்பாசிட்டர் அது. உள்ளே காகிதம் சுற்றிய பழைய வகையாக இருந்தால், அதன் ஒளி ஊடுருவும் உறையில் மயிரிழைப் போன்ற வெடிப்புகள் ஓடியிருக்கும். அவற்றின் வழியாக ஈரம் புகுந்து, மின்சாரம் கொடுத்த சிறிது நேரத்தில் வெடித்து நாற்றமடிக்கும் புகையைக் கக்கும். வெடிப்பு கண்ணுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அதை எடுத்துவிட்டு, எக்ஸ்-2 வகை, 275 வோல்ட் ஏசி என்று அச்சிட்ட புதியதை அதே மைக்ரோஃபாரட் அளவில் பொருத்துங்கள். மோட்டாருக்கென்று தனிக் கப்பாசிட்டர் இருந்தால், பிளக்கைக் கழற்றிய பின்னும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால், அதன் முனைகளைத் தடையம் (ரெசிஸ்டர்) ஒன்றின் வழியே இணைத்து வடித்துவிட்டே தொட வேண்டும்.

துடைத்தல்

மூடியைக் கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய திருகாணிகளை முட்டை அட்டையின் குழிகளில் வரிசைப்படி போட்டு, எந்தக் குழி எந்தப் பாகத்துக்கு என்று பென்சிலால் எழுதிவையுங்கள். அமெரிக்க இயந்திரங்களின் மரைகள் அங்குலக் கணக்கில் வெட்டப்பட்டவை. தொலைந்த திருகாணிக்குப் பதிலாகக் கடையில் கிடைக்கும் மில்லிமீட்டர்த் திருகாணியை முறுக்கினால் மரை அழிந்துவிடும். திருப்புளியின் முனை திருகாணியின் பள்ளத்தை முழுதாக நிரப்ப வேண்டும். இறுகிய திருகாணியை வம்படியாகத் திருப்பாமல், ஊடுருவும் எண்ணெய் ஒரு துளியைக் குச்சியால் அதன் தலையில் வைத்துவிட்டு மறுநாள் முயலுங்கள்.

ரிப்பனை எடுத்துவிட்டு, உலர்ந்த பெயின்ட் பிரஷால் தூசைத் தட்டி, வீட்டில் தூசு உறிஞ்சும் கருவி இருந்தால் அதன் முனையில் மெல்லிய துணி கட்டி உறிஞ்சுங்கள். துணி இல்லாவிட்டால் கழன்று கிடக்கும் சிறு ஸ்பிரிங்குகளும் தூசோடு போய்விடும். அதன் பின் மோட்டாரையும் சுவிட்சையும் பாலிதீன் உறையால் மூடிக் கட்டிவிட்டு, ஈரத் துடைப்புக்குத் தயாராகலாம். பெயின்ட் கடைகளில் கிடைக்கும் மினரல் டர்பன்டைன் இதற்குப் போதும். தின்னர் வேண்டாம், அது கீகளின் பிளாஸ்டிக்கையும் உடலின் பெயின்டையும் கரைத்துவிடும். பெட்ரோலை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. சன்னல்களைத் திறந்துவைத்து, அடுப்பும் ஊதுவத்தியும் இல்லாத இடத்தில் உட்காருங்கள்.

பிசின் எங்கே இறுகியிருக்கிறது என்று காட்டும் எளிய சோதனை ஒன்று உண்டு. மின்சாரம் இல்லாத நிலையில், நடுவிலுள்ள ‘எச்’ டைப்பாரை விரல் நுனியால் ரோலர் வரை உயர்த்தி விட்டுவிடுங்கள். சுத்தமான இயந்திரத்தில் அது ‘டக்’ என்ற ஒலியோடு இருப்பிடத்துக்குத் திரும்பும். பிசின் பிடித்த இயந்திரத்திலோ நடுவழியில் ஒரு கணம் நின்று, சாடியிலிருந்து தேன் வடிவதுபோல மெல்ல இறங்கும். அப்போது டைப்பார்களின் அடிப்பகுதி நுழைந்திருக்கும் பிறை வடிவச் செக்மென்ட்டின் பள்ளங்களை விளக்கொளியில் பாருங்கள். பளபளக்க வேண்டிய உலோகத்தின் மேல் பழுப்பு நிற மெருகு பூசியதுபோல ஒரு படலம் தெரியும். அதுதான் காய்ந்த எண்ணெய். இயந்திரத்தை முன்பக்கம் சற்றே உயர்த்தி வைத்து, டர்பன்டைனில் தோய்த்த பழைய பல்துலக்கும் பிரஷால் ஒவ்வொரு பள்ளத்தையும் தேய்த்து, அந்தந்த டைப்பாரைக் கையால் பத்துப் பதினைந்து முறை மேலும் கீழும் ஆட்டுங்கள். கசிந்து வரும் பழுப்பு நீரைத் துணியால் ஒற்றியெடுத்து, மறுபடியும் அதையே செய்ய வேண்டும். ஒரே நாளில் முடிந்துவிட்டதுபோலத் தோன்றும். மறுநாள் காலையில் பார்த்தால் கரைந்த பிசின் மீண்டும் உறைந்து இரண்டு மூன்று டைப்பார்கள் திணறும். எல்லா டைப்பார்களும் தம் எடையாலேயே விழும்வரை இதைத் தொடருங்கள். பொறுமை தேவைப்படும் இடம் இதுவே, பலன் கண்கூடாகத் தெரியும் இடமும் இதுவே.

கேரேஜ் ஓடும் தண்டவாளங்கள், எஸ்கேப்மென்ட்டின் பற்சக்கரம், அடியிலுள்ள கொக்கிகளின் அச்சுகள், ஷிஃப்ட் சட்டத்தின் முனைகள் ஆகியவற்றையும் இதே முறையில் துடைக்க வேண்டும். ‘ஈ’, ‘ஓ’, ‘ஏ’ போன்ற எழுத்துகளின் குழிகளில் அடைந்திருக்கும் மையைக் கடினமான உலர் பிரஷால் தட்டியெடுங்கள். குண்டூசியால் குத்தினால் அச்சின் விளிம்பு கெடும். துடைத்து முடித்தபின் ஓர் இரவு முழுவதும் மின்விசிறியின் கீழ் காயவிட்டே மின்சாரத்தைப் பற்றி நினைக்க வேண்டும். டர்பன்டைனின் ஆவி உள்ளே தங்கியிருக்கும்போது சுவிட்சில் தோன்றும் சிறு பொறி போதும், தீப்பற்றிவிடும்.

எண்ணெய்

தையல் இயந்திரத்துக்கு விடும் மெல்லிய எண்ணெய், ஊசி பொருத்திய சிரிஞ்சு ஒன்று, பழைய பனியன் துணி ஆகியவை போதுமானவை. தேங்காய் எண்ணெயையும் நல்லெண்ணெயையும் ஒருபோதும் விடாதீர்கள். அவை சில மாதங்களில் காய்ந்து, இப்போது நீங்கள் சுரண்டியெடுத்த அதே பிசினாக மாறும். மோட்டாரில் எண்ணெய்த் துளை இருந்தால் இரண்டு சொட்டு, உருளையின் இரு முனைகளுக்கும் ஒவ்வொரு சொட்டு, மற்ற அச்சுகளுக்கு ஊசிமுனையில் தொங்கும் அளவு. தண்டவாளங்களில் துணியில் தொட்டுத் தடவினால் போதும். உலோகப் பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் மட்டும் கிரீஸை மெல்லப் பூசுங்கள். செக்மென்ட்டின் பள்ளங்களில் எண்ணெய் விடவே கூடாது, அவை உலர்ந்தே இயங்க வேண்டியவை. பெல்ட், ரப்பர், உரசி இயங்கும் கிளட்ச் ஆகியவற்றிலும் எண்ணெய் படக் கூடாது.

நம் ஊர்களில் உப்புக் காற்று சும்மா இருக்காது என்பதால், வெளியே தெரியும் முலாம் பூசிய பாகங்களை எண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்துவைப்பது நல்லது. துரு ஏற்கனவே இருந்தால் மிக மெல்லிய எஃகு நாரை எண்ணெயில் நனைத்துத் தேய்த்து, உதிரும் இழைகளை உடனே துடைத்தெடுங்கள்.

ரப்பரும் பெல்ட்டும்

ரோலரைச் சிறிதளவு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். நகத்தால் அழுத்தினால் சற்றும் அமுங்காத அளவுக்கு ரப்பர் கல்லாக இறுகியிருந்தால், அடிக்கும் தாளுக்குப் பின்னால் இன்னும் ஒரு தாளைச் சேர்த்துச் சுற்றினால் அச்சும் சீராக விழும், ஓசையும் குறையும்.

பெல்ட்டில் வெடிப்போ பளபளப்போ தெரிந்தால் மாற்றிவிட வேண்டியதுதான். பற்களற்ற பெல்ட்டாக இருந்தால் அதைக் கையோடு எடுத்துக்கொண்டு, கடலூர் லாரன்ஸ் ரோட்டிலோ புதுச்சேரி நேரு வீதிப் பக்கத்திலோ தையல் இயந்திர உதிரிபாகம் விற்பவரிடம் ஒப்பிட்டுப் பாருங்கள். மோட்டார் வைத்த தையல் இயந்திரங்களின் பெல்ட் சில சமயம் பொருந்திவிடும். பற்களுள்ள பெல்ட்டுக்குப் பற்களின் எண்ணிக்கையும், பல்லுக்குப் பல் உள்ள தூரமும், அகலமும் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். மோட்டாரைத் தாங்கும் ரப்பர்க் குமிழ்கள் நைந்துபோயிருந்தால் மோட்டார் தாழ்ந்து, பெல்ட் தளர்ந்து, உடல் முழுதும் அதிரும்.

ரிப்பனைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பயிற்சி நிலையங்களுக்கு விற்கும் அரை அங்குல ரிப்பனை வாங்கி, இயந்திரத்தோடு வந்த பழைய சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் பல டைப்பார் இயந்திரங்களுக்குச் சரியாக அமையும். பெட்டி வடிவ ரிப்பன் போடும் இயந்திரமானால், வாங்கும் முன்னரே பெட்டி கிடைக்குமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டிப் பார்த்துத் திருத்துதல்

இப்போது மோட்டாரின் கப்பியைக் கையால் சுழற்றி, எங்கும் தடையில்லை என்று கண்டபின், கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம் பொருத்திய இணைப்பில் பிளக்கைச் செருகுங்கள். மோட்டார் சுழலாமல் முனகினால் உடனே அணைத்துவிட வேண்டும்; சுழலாத மோட்டார் சில நிமிடங்களில் எரிந்துவிடும். தாங்கியைத் துடைத்து எண்ணெய் விட்டபிறகும் முனகினால், கப்பாசிட்டர் உள்ள மோட்டாரில் அதையே முதலில் சந்தேகிக்கலாம்.

மோட்டார் ஓடி, எழுத்தும் விழுந்தால் கால் மணி நேரம் அடித்துப் பாருங்கள். துடைத்தபின் எஞ்சிய சில கோளாறுகள் தாமாகவே மறையும். மறையாதவற்றுக்கே திருகாணி. திருப்பும் முன் திருகாணித் தலைக்கும் சட்டத்துக்கும் குறுக்கே மெல்லிய பெயின்ட் கோடு ஒன்று இட்டு, ஒரு நேரத்தில் ஓர் அளவை மட்டும், கால் சுற்றுக்கு மேல் போகாமல் மாற்றி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரி அடித்துத் தாளைப் பத்திரப்படுத்துங்கள்.

பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்க்க, பெரிய ‘எச்’சையும் சிறிய ‘என்’னையும் மாறி மாறி ஒரு வரி அடித்து, அடியில் அளவுகோலை வைத்துப் பாருங்கள். பெரியவை ஏறியோ தாழ்ந்தோ நின்றால், ஷிஃப்ட் சட்டம் வந்து முட்டும் நிறுத்தத் திருகாணியின் பூட்டு நட்டைத் தளர்த்திச் சிறிது சிறிதாகத் திருத்த வேண்டும். பெரும்பாலும் மேல் நிலைக்கு ஒன்று, கீழ் நிலைக்கு ஒன்று என இரண்டு திருகாணிகள் இருக்கும். சிறிய எழுத்தின் நிலையை முதலில் உறுதிசெய்துகொண்டு அதற்கேற்பப் பெரிய எழுத்தைக் கொண்டுவருவதே குழப்பமில்லாத வழி.

எழுத்துகள் எல்லாமே மங்கலாக விழுந்தால், அழுத்தத்தைக் கூட்டும் குமிழைத் திருப்புவதற்கு முன், தாளின் தடிமனுக்கேற்ப ரோலரைப் பின்னே தள்ளும் நெம்பு தவறான இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் ரோலருக்கும் டைப்பாருக்கும் உள்ள இடைவெளியை அளக்கலாம்: மின்சாரத்தை அணைத்து, ஒரு தாள் துண்டை ரோலரின் மேல் வைத்து, டைப்பாரை அது வழக்கமாக நிற்கும் இடம் வரை கையால் அழுத்திப் பிடித்துத் தாளை இழுங்கள். மெல்லிய இழுப்பு தெரிய வேண்டும். தாள் சிக்கிக் கிழிந்தால் ரோலர் அதிகம் முன்னால் இருக்கிறது. தடையே இல்லாவிட்டால் பின்னால் இருக்கிறது. ஓர் எழுத்து மட்டும் மங்கினால் ரோலரைத் தொடாதீர்கள், அந்த எழுத்தின் கொக்கியிலும் டைப்பாரிலுமே குறையைத் தேட வேண்டும்.

எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் கேரேஜ் தாமதமாக நகர்கிறது என்று பொருள். தண்டவாளமும் எஸ்கேப்மென்ட்டும் உண்மையிலேயே சுத்தமாக இருந்தும் இது நீடித்தால்தான் கேரேஜை இழுக்கும் பெரிய ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும். அந்த ஸ்பிரிங்கின் பூட்டு கைநழுவினால் நொடியில் அவிழ்ந்து விரலைப் பிளந்துவிடும். ஆகையால் இதைத் தனியாகச் செய்யாமல், அனுபவமுள்ள மெக்கானிக்கை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

செலக்ட்ரிக் வைத்திருப்பவர்களுக்கு

பந்தின் மேல் எழுத்துகள் நான்கு வரிசைகளில், வரிசைக்கு 22 ஆக அமைந்திருக்கும்; ஒரு பாதியில் சிறிய எழுத்து, மறுபாதியில் பெரிய எழுத்து. ஷிஃப்ட் அழுத்தினால் பந்து அரைச் சுற்றுச் சுற்றும். கீ அழுத்தும்போது சில நெம்புகள் ஒன்றுகூடிப் பந்து எவ்வளவு சாய வேண்டும், எவ்வளவு சுழல வேண்டும் என்று கணக்கிட, அந்த அளவை இரண்டு மெல்லிய எஃகு நாடாக்கள் பந்துக்குக் கொண்டுபோகும். ஆகவே ஒரு நெம்பு பிசினில் ஒட்டிக்கொண்டாலே, அடித்த எழுத்து ஒன்றும் விழுந்த எழுத்து வேறுமாக இருக்கும். எந்த எழுத்துகள் எப்படி மாறுகின்றன என்று பட்டியல் எழுதினால், ஒட்டியிருக்கும் நெம்பை அதிலிருந்தே அடையாளம் காணலாம். நெம்புகளைத் துடைத்து விடுவியுங்கள். அவற்றின் அளவுத் திருகாணிகளையும் எஃகு நாடாக்களையும் புதியவர்கள் தொடவே வேண்டாம்.

பந்தைக் கழற்ற வேண்டுமானால் ஷிஃப்ட் இல்லாத நிலையில் இயந்திரத்தை அணைத்து, பந்தின் மேலுள்ள நெம்பைத் தூக்கி நேராக எடுங்கள். அடி விளிம்பிலுள்ள பற்களில் ஒன்று உடைந்திருந்தாலும் அதற்குரிய எழுத்துகள் இடம் தவறி விழும். அதற்கு மாற்றுப் பந்துதான் தீர்வு.

வெள்ளத்தில் நனைந்தவை

2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது பெய்த மழையும் அதைத் தொடர்ந்து கடலூர்ப் பக்கம் வந்த வெள்ளமும் எத்தனையோ வீடுகளில் புகுந்தன. அப்படி நீரில் கிடந்த இயந்திரம் கிடைத்தால், துருவைக் கண்டு உடனே கைவிட வேண்டாம். உப்பும் சேறும் கலந்த நீர் என்றால், மோட்டாரையும் மின்பாகங்களையும் கழற்றியெடுத்துவிட்டு, மிச்ச உடலை நல்ல தண்ணீரால் அலசி, உடனே துணியால் துடைத்து வெயிலில் வைத்து, நீர் போனதும் டர்பன்டைனால் முழுதும் கழுவுவதே சரி. உப்பை அப்படியே உள்ளே விட்டு மேலே எண்ணெய் பூசினால் அடியில் துரு தொடர்ந்து அரிக்கும். மோட்டாரைத் தனியாக மோட்டார் சுற்றுபவரிடம் கொடுத்து உலர்த்தி, காப்புத் தடையை அளந்த பிறகே திரும்ப மாட்டுங்கள்.

சீரான இயந்திரத்தை மழைக்காலத்தில் பாலிதீனால் இறுக மூடாதீர்கள், உள்ளே ஈரம் தேங்கும். பருத்தித் துணியால் மூடி, சிலிக்கா ஜெல் பைகளை அடியில் வைத்து, அவற்றின் நிறம் மாறும்போது வெயிலிலோ மிதமான சூட்டிலோ உலர்த்திக்கொள்ளுங்கள். தரையிலும் கடல் பார்த்த சன்னலோரத்திலும் வைக்க வேண்டாம். வாரம் ஒருமுறையாவது கால் மணி நேரம் எல்லாக் கீகளையும் அடித்து ஓட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாரம் இருமுறை.